எந்த ஃபோல்டரிலிருந்தும் பாட்டு

மரக்காணத்தில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்துக்குப் பிரியும் சாலையில், டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் என்று பலகையில் எழுதியிருக்கும். இதில் எங்கள் ஊர் ஜனத்துக்கு உயிரானது கடைசியில் இருப்பதுதான். இங்கே அடிக்கிற உப்புக் காற்றில் பீரோவுக்குள் வைத்த காகிதம்கூட நமுத்த அப்பளம்போல ஆகிவிடும். அதனால் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எதைக் கையில் கொடுத்தாலும் அடுத்த வார்த்தை "லேமினேசன் போட்டுடுங்க" என்பதுதான். கேட்காவிட்டாலும் நானே போட்டுவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. வருகிறவர்களின் ஆதார், பட்டா, மருத்துவச் சீட்டு எல்லாம் என் கணினிக்குள் வந்துதானே போகிறது? வேலை முடிந்ததும் ஒரேயடியாக அழித்துவிடுவேன். கணினிக்குள் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதற்குக்கூடப் போகாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட். ஊரில் ஒருவருடைய காகிதம் இன்னொருவர் கையில் கிடைத்தது என்ற பேச்சு என் கடையிலிருந்து கிளம்பியதில்லை. இதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் பிறகு என்னை ஒரு மத்தியான வேளையில் உட்காரவைத்து அழவைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் உப்பளத்து வேலைக்காரர்கள். அதில் என்னோடு விடுதிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவள் ஒருத்தி. எங்கள் இரண்டு பேருக்கும் ஐந்து கோட்டில் எழுதிய மேல்நாட்டு நோட்டைப் படிக்கத் தெரியும். அந்தப் பள்ளியில் சங்கீத வகுப்பில் தூங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் கிடையாது, அதனால் கற்றுக்கொண்டோம். பத்தாவது முடித்ததும் அவள் உப்பளத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். நான் டைப்ரைட்டிங் போனேன். முப்பது வருடத்துக்குப் பிறகும் அவள் பாத்தியில் நிற்கிறாள், நான் மெஷின் முன்னால் நிற்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே ஃபேனுக்குக் கீழேதான் நிற்போம்.

அவள் ஆல்ட்டோ. பாட்டின் ராகத்தைப் பாடுகிறவர்கள் சோப்ரானோ. சபையில் எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். ஆல்ட்டோ அதற்குக் கொஞ்சம் கீழே, தன் வழியில் தனியாகப் போகும். பக்கத்தில் பத்துப் பேர் ஒரு ராகத்தை உரக்கப் பாடும்போது அதில் விழுந்துவிடாமல் வேறொன்றைப் பாட வேண்டும். எங்கள் குழுவில் தாளைப் பார்த்து அப்படிப் பாடக்கூடியவள் இவள் ஒருத்திதான். மற்ற மூன்று ஆல்ட்டோக்களும் இவள் வாயைப் பார்த்துப் பாடுகிறவர்கள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். பாடி முடித்ததும் பாட்டுத் தாள்களை வைத்த ஃபைலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போவோம். யாராவது அதை வீட்டுக்கு எடுத்துப்போனால் அவர் குழுவிலிருந்து நின்றுவிட்டார் என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொள்வதும் கிடையாது, ஏன் என்று கேட்பதும் கிடையாது. வீட்டுக்கு மருமகள் வந்தவர், வேலை மாறியவர், சண்டை போட்டவர் எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

ஒரு வருடம் பங்குனியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"எனக்குக் கோடு தெரிலடி," என்றாள். "அஞ்சும் ஒண்ணாப் போயிடுது."

"கண்ணாடிய மாத்து."

"மாத்திட்டேன். பாண்டிக்குப் போய் காட்டியாச்சு. கண்ணுல சதை வளருதாம். மழ வந்து உப்பு வேல நின்னதும் வா, ஆபரேசன் வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் வெயில்ல நிக்காதன்றாங்க. நான் வெயில்ல நிக்காம வேற எங்கடி நிக்கறது?"

"சரி, காதால கேட்டுப் பாடேன். மத்தவங்க பாடல?"

அவள் என்னைப் பார்த்த பார்வைக்குச் சதை வளர்ந்ததெல்லாம் ஒரு தடையாக இல்லை.

"பாத்தியில நான் ஒரு நாள் போகலன்னா வேற ஒருத்திய நிறுத்திடுவாங்க. இங்கதான் நான் இல்லாம ஆவாது. அதுவும் நோட்டப் பாத்துப் பாடறதாலதான். அதுவே போச்சுன்னா சும்மா வந்து எதுக்கு வாயசைக்கணும்? அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாக்கறேன். முடியலன்னா விட்டுடறேன்."

மற்ற ஊர் ஆலயங்களில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பூசணிக்காயும் வரும். எங்கள் ஊரில் உப்பு வரும். மழைக்கு முன்னால் கடைசியாக வாரிய உப்பிலிருந்து ஒவ்வொரு வீடும் ஒரு படி கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் கொட்டும். அது இடுப்பு உயரத்துக்குக் குவியும். அந்த ஆராதனைக்குப் பதினோரு பாட்டு. அவற்றில் கடைசிப் பாட்டு, உப்பைக் கொட்டி முடித்ததும் பாடுவது, ஆல்ட்டோ தொடங்கி வைக்க வேண்டியது. அவள் இல்லாமல் அதை யார் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, அவள் இல்லாத பெஞ்சைப் பார்த்துக்கொண்டு என்னால் வாசிக்க முடியாது என்பது நன்றாகத் தெரிந்தது.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி. பெரிதாக்கிக் கொடுத்தால் போகிறது என்று நினைத்தேன். எங்கள் பாட்டுத் தாள்கள் யாரோ எப்போதோ கையால் எழுதியதன் ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பெரிதாக்கியதும் நோட்டோடு சேர்ந்து அழுக்கும் பெரிதானது. எது புள்ளி, எது பூச்சி எச்சம் என்று எனக்கே தெரியவில்லை. போதாததற்கு நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இடித்துக்கொண்டு கிடந்தன. ஆல்ட்டோவை மட்டும் தனியாகப் பிரித்து, சுத்தமாக, பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அப்படித்தான் இணையத்தில் தேடி அந்த மென்பொருளைக் கண்டுபிடித்தேன். காசில்லாமல் கொடுக்கிறார்கள். அதில் நோட்டைச் சுட்டியால் இழுத்து ஒட்ட வேண்டியதில்லை. சி, டி, ஈ என்று ஸ்வரத்தை எழுத்தாகவும், எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்பதை எண்ணாகவும் தட்டினால் போதும். பிறகு ஒரு கருப்புத் திரையைத் திறந்து, மென்பொருளின் பெயரையும் பாட்டின் பெயரையும் அடித்து என்டர் தட்டினால், ஐந்து கோட்டில் நோட்டுகள் வந்து அழகாக உட்கார்ந்துவிடும். முதல் வரி அப்படி வந்ததைப் பார்த்தபோது கடையில் இருந்த ஆளிடம் மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன்.

ஒரே ஒரு வம்பு. என் மேசைத்திரையில் "பண்டிகை" என்று ஒரு ஃபோல்டர் போட்டுப் பாட்டுகளை அதில் வைத்தேன். கருப்புத் திரையில் அந்த ஃபோல்டருக்குள் நின்று மென்பொருளைக் கூப்பிட்டால் "அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்று கணினி ஆங்கிலத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மென்பொருள் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறதோ அங்கேயே போய் நின்று கூப்பிட்டால்தான் வரும். ஏன் என்று தேட எனக்குப் பொறுமை இல்லை. சரி, நீ வரமாட்டாய், நான் வருகிறேன் என்று பாட்டுகளையெல்லாம் தூக்கி மென்பொருளின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவிட்டேன். வேலை நடந்தது. நடக்கிற வேலையை எதற்கு நோண்டுவது?

நான்கு மாதம் மத்தியானங்களில், கடையில் ஆள் குறைந்த நேரத்தில் தட்டினேன். அழுக்குத் தாளில் தெரியாத இடங்களைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்து ஊகித்தேன். ஊகிக்க முடியாத இடங்களுக்கு அவளுக்கு போன் போட்டேன். வேலை முடித்து வீட்டில் படுத்திருப்பாள். "அந்த எடமா? மேல போயி எறங்கும்டி," என்று போனிலேயே பாடிக் காட்டுவாள். அப்படிப் பத்துப் பாட்டு முடிந்தது. ஒரு நோட்டு சுண்டைக்காய் அளவு வரும்படி பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்தேன். எடுத்ததும் கை சும்மா இருக்குமா? பத்துக்கும் லேமினேஷன் போட்டு, புது ஃபைலில் வைத்து, சனிக்கிழமை பயிற்சியில் அவள் கையில் கொடுத்தேன்.

அவளுக்கு வாயெல்லாம் பல். எல்லாருக்கும் காட்டினாள். பிறகு பாட ஆரம்பித்தோம். எங்கள் ஆலயத்தின் மேற்குக் கதவு சாயங்கால வெயிலுக்கு நேராக இருக்கும். அவள் முதல் இரண்டு வரி பாடினாள், மூன்றாவது வரியில் நின்றாள். தாளை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி நின்றாள். மற்ற மூன்று ஆல்ட்டோக்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோப்ரானோ பக்கத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் ஃபைலை மூடினாள். பயிற்சி முடியும் வரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பெஞ்சில் வைக்கவில்லை. எடுத்துப்போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. நான்கு மாதம்! எத்தனை மத்தியானத் தூக்கம்! கொடுத்ததை ஒரு நாள்கூட ஒழுங்காகப் பார்க்காமல் ராணி மாதிரி எழுந்து போகிறாளே என்றுதான் நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. வழக்கம்தானே, கேட்கக் கூடாதே! திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். இனி இது யாருக்கு? ஷிஃப்ட், டெலீட். இடம் மிச்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாட்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன என்பது அப்போது என் நினைவில் ஒரு மூலையில்கூட இல்லை.

ஐந்து நாள் முறைத்துக்கொண்டு இருந்தேன். ஆறாவது நாள், சண்டையாவது போட்டுவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பத்து மணி வாக்கில் உப்பளத்துக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அந்த வெள்ளையைத் தூரத்திலிருந்து ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். வரப்பில் இறங்கி உள்ளே நடந்தது பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இரண்டு பக்கமும் பாத்தி. கீழே உப்பு, மேலே வெயில். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குருடி மாதிரி நின்றேன். எதிரில் ஒரே மாதிரி ஐந்தாறு உருவங்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் பழைய சாக்ஸ். எது அவள் என்று தெரியவில்லை.

"இன்னாடி இங்க வந்து நிக்கற?" என்று ஒரு உருவம் கேட்டது.

"கண்ணு கூசுதுடி."

"கூசுதா?" அவள் சிரித்துக்கொண்டே உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்றாள். "உன் தாளும் இப்படித்தான் மின்னுச்சு. வெயில் பட்டதும் பாத்திக்குள்ள பாக்கற மாரியே இருந்துச்சு. நோட்டு பெருசாத்தான் இருந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா பாக்க முடிலயே."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? நாலு மாசம் குந்தி அடிச்சிருக்க. அதுக்கு மேல அத்தினி அழகா லேமினேசன் வேற போட்டு எடுத்தாந்த. மின்னுதுன்னு எந்த வாயால சொல்றது?"

எனக்குச் சண்டை போட வந்தது மறந்துவிட்டது. சொல்லப்போனால் ஐந்து நாளாக நான் திட்டியிருக்க வேண்டியது என் லேமினேஷன் மெஷினைத்தான். "இவ்ளோதானே? சாதா தாளுல எடுத்துத் தர்றேன், சாயங்காலம் வா," என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். கணினியைத் திறந்தேன். மென்பொருளின் ஃபோல்டரைத் தேடினேன்.

அப்போதுதான் நினைவு வந்தது.

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. நானே அல்லவா அப்படிப் பழகியவள்! பண்டிகைக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்துப் பாட்டும், பாதி தட்டி வைத்திருந்த பதினோராவது பாட்டும் போய்விட்டன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேசையில் தலை வைத்து அழுதேன். வெளியே யாரோ "ஏம்மா, ஜெராக்ஸ் இருக்குதா?" என்று கேட்டார்கள். "கரண்ட் இல்ல" என்று பொய் சொன்னேன்.

சாயங்காலம் அவளுக்கு போன் போட்டு, பிரிண்டரில் மை இல்லை, இரண்டு நாள் ஆகும் என்று இன்னொரு பொய். அன்றைக்கே மென்பொருளை மறுபடி இறக்கி, பழைய அழுக்குத் தாளை எடுத்து முதல் பாட்டிலிருந்து தட்டத் தொடங்கினேன். இரண்டு நாளில் ஒரு பாட்டுதான் நகர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வேலை முடிந்த கையோடு அவள் கடைக்கே வந்துவிட்டாள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், அழுக்குத் தாளைப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

சொன்னேன். கோபத்தில் அழித்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் திரும்பி நடந்தாள். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். எதைத் தட்டுவது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். வீட்டுக்கு எடுத்துப்போன அந்த ஃபைலை என் கவுன்ட்டர்மேல் தொப்பென்று போட்டாள். உள்ளே பத்துத் தாளும் அப்படியே இருந்தன. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. லேமினேஷன் போட்டதல்லவா!

"மூணு நாளா குந்தி திரும்ப அடிச்சினு இருக்கறாளாம்! ஏண்டி, கட முன்னால இன்னா போர்டு மாட்டி வெச்சிருக்கற? ஜெராக்ஸ் கடதானே வெச்சிக்கினு இருக்கற? இத எடுத்து உன் மெஷின்ல வெச்சி ஒரு அமுக்கு அமுக்கக் கூடாதா?"

இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் நான். என் புத்தி அங்கே போகவே இல்லை. சிரித்ததில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளைத் தாளில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பரவால்ல. ஆனா வெள்ளையும் கொஞ்சம் கூசுது," என்றாள். பத்திரம் எழுதுகிறவர்களுக்காக நான் பச்சைத் தாள் வாங்கி வைத்திருப்பேன். நீளமான, மங்கலான பச்சை. அதில் ஒன்று எடுத்தேன். அவள் வெயிலிலேயே நின்று முதல் வரியை மெதுவாகப் பாடினாள். இரண்டாவது வரியைப் பாடினாள். மூன்றாவதில் நிற்கவில்லை. நான் மெஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பச்சைத் தாளைக் கண்டுபிடித்த புண்ணியவான் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பத்துப் பாட்டு மீண்டுவிட்டது. பதினோராவது? அது இன்னும் அச்சாகவே இல்லை. ஆல்ட்டோ தொடங்கி வைக்க வேண்டிய பாட்டும் அதுதான். அதை மட்டும் மறுபடி தட்டித்தான் ஆக வேண்டும். ஆறு நாள் இருந்தது. ஆனால் நான் ஒரு முடிவு எடுத்தேன். இன்னொரு பாட்டை அந்த மென்பொருளின் வீட்டுக்குள் குடிவைக்கமாட்டேன். பாட்டு "பண்டிகை" ஃபோல்டரில்தான் இருக்கும், கூப்பிட்டால் அது அங்கே வரட்டும். அதற்கு வழி தெரியாமல் ஒரு எழுத்தும் தட்டுவதில்லை. ஆறே நாள் இருக்கும்போது அதில் ஒரு நாளை இதற்குக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று இன்னொரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் தேடினேன். எங்கோ ஒருவர், எனக்கு முகம் தெரியாதவர், என்றைக்கோ வேறு யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருந்தார். கணினியில் பாத் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். நாம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கணினி முதலில் நாம் நிற்கும் ஃபோல்டரில் தேடும். இல்லையென்றால் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களில் ஒவ்வொன்றாகப் போய்த் தேடும். பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போகவே போகாது. என் மென்பொருளின் விலாசம் அதில் இல்லை, அவ்வளவுதான். ஐந்து மாதமாக என்னை அலையவிட்டது இந்த ஒரு வரி. "இருக்கும் வரிகளில் கை வைக்காதீர்கள், புதிதாக ஒரு வரி மட்டும் சேருங்கள்" என்று அந்த நல்ல மனிதர் எச்சரிக்கையும் செய்திருந்தார். அது இல்லாவிட்டால் நான் பழைய வரிகளை மொத்தமாக அழித்துத்தான் இருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அமைப்புகளுக்குள் நாலு கதவைத் தாண்டிப் போய், அந்தப் பட்டியலைத் திறந்து, விலாசத்தை ஒட்டினேன். ஓகே, ஓகே, ஓகே. கருப்புத் திரைக்கு வந்து, "பண்டிகை" ஃபோல்டரில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். தெரியாது என்றது. மறுபடி போய்ப் பார்த்தேன். விலாசம் இருக்கிறது. மறுபடி கூப்பிட்டேன். தெரியாது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இப்போது கரண்ட்டையும் சேர்த்துத் திட்டினேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கூடவே அவளும் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நம்பிக்கையே இல்லாமல் கணினியைப் போட்டு, "பண்டிகை" ஃபோல்டரில் போய், பெயரை அடித்து என்டர் தட்டினேன்.

ஓடியது.

"ஜெபம் பண்ணியாடி?" என்று கேட்டாள்.

"இல்ல, திட்டினேன்."

அந்தப் பதிலை மறுபடி படித்துப் பார்த்தேன். கடைசி வரியில் "திறந்திருக்கும் கருப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவும்" என்று இருந்தது. நான்தான் அவசரத்தில் அதைப் படிக்கவில்லை. மூடத் தோன்றாத எனக்காக மின்வாரியம் மூடிக் கொடுத்திருக்கிறது. கரண்ட் போனதற்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு வேலை ஓடிய வேகம்! அவள் தினமும் மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து, அழுக்குத் தாளில் எனக்குப் புரியாத இடங்களைப் பாடுவாள். நான் தட்டுவேன், ஒரு கூப்பிடு கூப்பிடுவேன், பச்சைத் தாளில் எடுத்து நீட்டுவேன். "இது இல்லடி, அரைச் சுரம் கீழ," என்பாள். திருத்துவேன். ஐந்தாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், கடைசித் தாளை அவள் முழுவதும் பார்த்துப் பாடினாள். அதை வாங்கிய என் கை பழக்க தோஷத்தில் நேராக லேமினேஷன் மெஷின் பக்கம் போனது. அவள் என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள்.

சாயங்காலப் பயிற்சியில் பச்சைத் தாள்களைப் பார்த்துவிட்டு, "யார் பேர்ல பத்திரம் பண்றீங்க?" என்று டெனர் பாடும் ஆண்கள் பக்கம் கேலி செய்தார்கள். "ஆல்ட்டோவ என் பேர்ல எழுதிக்கினேன், போங்கய்யா," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக வந்து உப்பைக் கொட்டினார்கள். கிழக்கு ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. குவியல் எழ எழ, என் பக்கத்திலிருந்தே கண் கூசாமல் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் நிற்குமிடம் அதற்கு நேர் எதிரில். இத்தனை செய்தும் இந்த உப்பை நான் கணக்கில் எடுக்கவில்லையே! பதினோராவது பாட்டுக்கு முன்வாசிப்பை வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் உப்பைப் பார்க்கவில்லை. பச்சைத் தாளை முகத்துக்கு நேராக, குவியலை மறைக்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். தொடங்கினாள்.

தனியாக, கீழ்ச் சுருதியில், அவசரப்படாமல். இரண்டாவது வரியில் சோப்ரானோ சேர்ந்தது. மூன்றாவதில் ஆண்கள் சேர்ந்தார்கள். நான்காவதில் கண்ணீர் மறைத்து என் விரல் தப்பியது, ஒரு வரி முழுவதும் கீபோர்டு நின்றுவிட்டது. யாரும் நிற்கவில்லை. மற்ற மூன்று ஆல்ட்டோக்களும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் நான் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து, ஆளுக்கு ஒரு கை உப்பை வாங்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். அவளும் முந்தானையில் உப்பை முடிந்துகொண்டு, "சாப்பாடு போட ஆரம்பிச்சிட்டாங்க, சீக்கிரம் வாடி," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வயர்களைச் சுருட்டி, கீபோர்டுக்கு உறை போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். ஆல்ட்டோ பெஞ்சின் மேல் அவளுடைய ஃபைல் இருந்தது. ஃபைலைவிட நீளமான பச்சைத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அதைத் தொடவில்லை. அடுத்த பயிற்சி சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு.